அடிபட்டவரின் இடத்தில் நின்றவர்கள்



கடந்த மூன்று ஞாயிறுகளாக நம் ஆலயத்தில் ஆர்கன் இருக்கையில் ஒரு கல்லூரி மாணவி அமர்ந்து வாசிப்பதைக் கண்டிருப்பீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த இருக்கையை நிரப்பியிருந்த நம் மூத்த சகோதரர் இருசக்கர வாகனத்திலிருந்து தவறி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டதையும் அறிவீர்கள். முதல் ஞாயிறன்று நான் அறிவிப்பு வாசிக்கையில், "அண்ணன் சுகமாகித் திரும்பும்வரை இந்தத் தங்கை வாசிப்பார், சபையார் சற்றே பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்" என்றேன். அன்பாகப் பேசிவிட்டதாகவே எண்ணிக்கொண்டேன். சென்ற வியாழனன்று அந்தப் பிள்ளையின் தாயார் வந்து, இனி வாசிக்க வர மாட்டேன் என்று மகள் சொல்வதாகத் தெரிவித்தார். காரணம் கேட்டேன். "நான் ஒரு கட்டையைக்கூடத் தொடுவதற்கு முன்பே ஐயா எதற்காகச் சபையைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்?" என்று கேட்டாளாம்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ஆதலால் இவ்வாரம், அடிபட்ட பெரியவர் ஒருவரின் இடத்தில் நின்றவர்களைப் பற்றிச் சிறிது வரலாற்றை உங்களோடு சேர்ந்து புரட்டிப் பார்க்க விரும்புகிறேன். விளையாட்டு மைதானத்தின் வரலாறுதான். பீடத்தில் கிரிக்கெட் எதற்கு என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் பொறுத்துக்கொள்வார்களாக. (இங்கே அந்தச் சொல் பொருந்தும்.)

2021ஆம் ஆண்டுப் பொங்கல் வாரத்தை நினைவுகூருங்கள். முகக்கவசத்தோடு இடைவெளி விட்டு அமர்ந்து நாம் ஆராதித்த காலம். ஜனவரி 14 அன்று அவனியாபுரத்திலும், 15 அன்று பாலமேட்டிலும், 16 அன்று அலங்காநல்லூரிலும் வாடிவாசல்கள் திறந்தன. அதே 16ஆம் தேதி நம் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. அந்த நாட்களில் நம் வீடுகள் பலவற்றில் விடியுமுன்னரே தொலைக்காட்சி எரிந்துகொண்டிருந்ததையும் நான் அறிவேன். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், கப்பா மைதானத்தில், இந்திய அணி நான்காவது டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தது.

எப்படிப்பட்ட அணி! அதற்கு ஒரு மாதத்துக்குமுன் அடிலெய்டில் 36 ஓட்டங்களுக்குச் சுருண்ட அணி. அணித்தலைவர் விராட் கோலி தம் முதற்குழந்தையின் பிறப்பை முன்னிட்டுத் தாயகம் திரும்பியிருந்தார். முகமது ஷமிக்கு அடிலெய்டில் கை முறிந்தது. உமேஷ் யாதவுக்கு மெல்பர்னில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சிட்னியில் ஜடேஜாவின் பெருவிரல் போயிற்று, பும்ராவுக்கு வயிற்றுத் தசையில் வலி, விஹாரிக்குத் தொடையில். அந்தச் சிட்னி ஆட்டத்தின் கடைசி நாளில், முதுகுவலியால் குனியவே முடியாத நிலையில் நம் தமிழ்நாட்டு அஸ்வின் 128 பந்துகளைத் தாங்கி நின்று, விஹாரியோடு சேர்ந்து தோல்வியைத் தடுத்தார். அதன்பின் அவரும் படுத்துவிட்டார். பிரிஸ்பேனில் களமிறங்கிய ஐந்து பந்துவீச்சாளர்களும் அதற்குமுன் ஆடியிருந்த டெஸ்ட் ஆட்டங்களை எல்லாம் கூட்டினால் நான்குதான். எதிரணியோ 1988க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஒரு டெஸ்டிலும் தோற்றதில்லை.

அந்த ஐவரில் இருவர் அன்றுதான் முதன்முதலாக டெஸ்ட் ஆடினர். ஒருவர் சேலத்துக்கு அருகிலுள்ள சின்னப்பம்பட்டியின் நடராஜன். மற்றவர் சென்னையின் வாஷிங்டன் சுந்தர். இருவரும் இந்த டெஸ்ட் தொடருக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். குறுகிய ஓவர் ஆட்டங்களுக்காக வந்து, வலைப்பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்துவீச வேண்டும் என்று நிறுத்திவைக்கப்பட்டவர்கள். வாஷிங்டன் அதற்குமுன் மூன்று ஆண்டுகளாக முதல்தர ஆட்டம் எதுவும் ஆடியிருக்கவில்லை.

அவருடைய பெயரைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. கேட்டவுடன் கிறிஸ்தவர் என்று நம்மில் பலர் எண்ணியதுண்டு, நானும் எண்ணினேன். அவர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தந்தை சுந்தர் ஏழ்மையில் வளர்ந்த காலத்தில், திருவல்லிக்கேணியில் வாழ்ந்த பி. டி. வாஷிங்டன் என்னும் ஓய்வுபெற்ற இராணுவத்தார் அவருக்குச் சீருடையும் புத்தகமும் வாங்கிக் கொடுத்து, பள்ளிக் கட்டணமும் செலுத்தித் தாங்கினார். 1999இல் அப்பெரியவர் மறைந்தார். அதே ஆண்டு பிறந்த தம் மகனுக்கு அந்தப் பெயரையே சூட்டினார் சுந்தர். ஆக, பிறக்கும்போதே இன்னொருவரின் இடத்தை நினைவூட்டும் பெயரோடு வந்த பிள்ளை அவர்.

ஜனவரி 15 காலை. புதிதாக ஆடவரும் வீரருக்கு அணித் தொப்பி வழங்கும் மரபுண்டு. முந்நூறாம் எண்ணுள்ள தொப்பி நடராஜனுக்கு. முந்நூற்றொன்றாம் எண்ணை வாஷிங்டனுக்குக் கொடுத்தவர் அஸ்வின். பிரியமானவர்களே, அந்த ஆட்டத்தில் விழுந்த விக்கெட்டுகளையெல்லாம் மறந்துவிட்டாலும் இக்காட்சியை மறவாதிருங்கள். தமது இடத்தில் நிற்கப்போகிறவனுக்குத் தாமே தொப்பி கொடுத்தார். அவர் அன்று என்ன சொல்லிக் கொடுத்திருந்தாலும், "இவனைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பிறரிடம் சொல்லியிருக்க மாட்டார்.

முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 369. நடராஜனுக்கு மூன்று விக்கெட்; அவற்றில் ஒன்று சதம் அடித்திருந்த லபுஷேன். வாஷிங்டனுக்கும் மூன்று, முதல் விக்கெட்டே ஸ்டீவ் ஸ்மித். பிறகு இந்தியா 186 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை இழந்து நின்றது. அப்போது வாஷிங்டனும் ஷர்துல் தாக்கூரும் சேர்ந்து 123 ஓட்டங்களைச் சேர்த்தனர். தாக்கூர் 67. வாஷிங்டன் 144 பந்துகளில் 62. கடைசி நாளில் 328 ஓட்டங்களைத் துரத்தி, மூன்று விக்கெட் மிச்சமிருக்க இந்தியா வென்றது. ரிஷப் பந்த் 89 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்றதையே எல்லாரும் பேசுகிறோம். அவரோடு நின்று 53 ஓட்டங்களைச் சேர்க்க உதவியவர் வாஷிங்டன். அவர் அடித்தவை 22.

இப்போது ஒரு கேள்வி. அஸ்வினைப்போல் அவர் பந்துவீசினாரா? இல்லை. 169 ஓட்டங்கள் கொடுத்து மொத்தம் நான்கு விக்கெட். அஸ்வினின் தராசில் வைத்தால் குறைவுதான். ஆயினும் அந்த ஐந்து நாட்களும் அவரிடம் அஸ்வினைக் கேட்கவில்லை. ஆறு விக்கெட் போன பிறகு யாராவது ஒருவர் நிற்க வேண்டும் என்று கேட்டன. அவர் நின்றார். பதிலாக வந்தவரை நிறுக்கும்போது நாம் செய்யும் முதற்பிழை இங்கேதான் என்று நினைக்கிறேன். இல்லாதவரின் முழு வாழ்நாளையும் ஒரு தட்டில் வைத்து, வந்தவரின் ஒரு காலைப்பொழுதை மறு தட்டில் வைக்கிறோம். நம் ஆர்கன் சகோதரரின் இருபத்திரண்டு ஆண்டுகளை நினைக்கிறோம். அவருடைய முதல் கிறிஸ்துமஸை நினைப்பதில்லை. அன்று அவர் ஒரு ஞானப்பாட்டை எட்டாத உச்சத்தில் தொடங்கிவிட, இரண்டாம் அடியிலேயே ஆண்கள் பக்கம் முழுவதும் மௌனமாகிவிட்டது என்று நம் மூப்பர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு.

இன்னும் பின்னே செல்வோம். 1962 மார்ச். இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளில் சுற்றுப்பயணத்தில் இருந்தது. பார்படாஸ் அணிக்கெதிரான ஆட்டத்தில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து அணித்தலைவர் நாரி கான்டிராக்டரின் தலையைத் தாக்கியது. தலைக்கவசம் இல்லாத காலம் அது. மண்டையோடு உடைந்து, உயிர் ஊசலாடி, அவசர அறுவை நடந்தது. இரத்தம் தேவைப்பட்டபோது கொடுக்க முன்வந்தவர்களில் எதிரணியின் தலைவர் ஃபிராங்க் வொரலும் ஒருவர். (வங்காளத்தின் கிரிக்கெட் சங்கம் இன்றும் பிப்ரவரி 3ஆம் நாளை வொரலின் பெயரால் இரத்ததான நாளாக நடத்துகிறது.) கான்டிராக்டர் பிழைத்தார். பின்னாளில் முதல்தர ஆட்டங்களும் ஆடினார். ஆனால் மீண்டும் ஒரு டெஸ்ட் ஆடவில்லை.

அவர் இடத்தில் அணித்தலைவராக நின்றவர் துணைத்தலைவர் மன்சூர் அலிகான் பட்டோடி. வயது 21. அரை டஜன் டெஸ்ட்கூட ஆடியிராதவர். அதிலும் 1961 ஜூலையில் இங்கிலாந்தில் ஒரு கார் விபத்தில் வலது கண்ணின் பார்வையை இழந்தவர். ஒரு கண்ணால் வேகப்பந்தைச் சந்திக்கும் இளைஞர், உம்ரிகர், மஞ்ச்ரேக்கர் போன்ற மூத்தவர்களுக்குத் தலைவர் ஆனார். அதே ஆண்டு ஜனவரியில்தான் சென்னையில் இங்கிலாந்துக்கெதிராகச் சதம் அடித்திருந்தார் என்பது உண்மை. ஆயினும் தலைவராக நின்ற முதல் டெஸ்டில் இன்னிங்ஸ் தோல்வி. தொடர் ஐந்துக்குப் பூஜ்யம்.

அன்றைக்கே தீர்ப்பெழுத உட்கார்ந்திருந்தால் நாம் என்ன எழுதியிருப்போம்? நான் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். பிறகு 1968இல் நியூசிலாந்தில் மூன்றுக்கு ஒன்று என்று வென்று, அயல்நாட்டு மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றியை ஈட்டித்தந்தவர் அதே பட்டோடி. இடையில் ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளும் அவருக்குக் கொடுக்கப்பட்டன என்பதையே நான் முக்கியமாகக் காண்கிறேன். எல்லாருக்கும் அது கொடுக்கப்படுவதில்லை.

சிலருக்கோ ஆறு ஆண்டுகள் தேவைப்படுவதேயில்லை. அதே 1962 ஜூனில் சிலி நாட்டில் நடந்த கால்பந்து உலகக் கோப்பையில், பிரேசிலின் பெலே இரண்டாவது ஆட்டத்திலேயே அடிபட்டு வெளியேறினார். அவருக்குப் பதிலாக வந்த அமரில்டோ, ஸ்பெயினுக்கெதிரான அடுத்த ஆட்டத்தில் தம் அணியின் இரு கோல்களையும் அடித்தார், இறுதியாட்டத்திலும் ஒன்று. கோப்பை பிரேசிலுக்கே. பெலேயை நாமெல்லாரும் அறிவோம். அமரில்டோவை இதற்குமுன் கேள்விப்பட்டவர்கள் நம் சபையில் எத்தனை பேர்?

அமெரிக்காவில் பணிபுரியும் நம் சபைப் பிள்ளை ஒருவர் சென்ற விடுமுறையில் வந்தபோது அவர்கள் நாட்டுக் கால்பந்தைப் பற்றிச் சொன்னார். கையால் எறியும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயரிட்டதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, போகட்டும். 2001 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து அணியின் நட்சத்திர வீரர் ட்ரூ பிளெட்சோ மோதுண்டு, உடலுக்குள் இரத்தம் கசியும் அளவுக்குக் காயமுற்றார். ஆட்டத்தை நடத்தும் அவருடைய பொறுப்பு, தேர்வில் 199ஆவதாக எடுக்கப்பட்டிருந்த டாம் பிரேடி என்பவரிடம் போயிற்று. பிரேடி அந்தப் பருவத்தில் கோப்பையை வென்றார். பின்னர் அவ்விளையாட்டின் மிகப்பெரிய பெயரானார். எனக்குப் பிரேடியைவிடப் பிளெட்சோவின் கதையே பிடித்தது. குணமாகித் திரும்பியபோது அவருக்கு இடம் இல்லை. ஒதுக்கிருக்கையில் அமர்ந்தார். இறுதியாட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில் பிரேடியின் கணுக்கால் பிசகியது. பிளெட்சோ எழுந்து போய், கோல் போன்ற ஒரு பெரும்புள்ளிக்கு வழிசெய்து, அணியைக் கரைசேர்த்துவிட்டு, இறுதியாட்டத்தில் மறுபடியும் ஒதுக்கிருக்கைக்குத் திரும்பினார். பதிலாள் வென்றவுடன் அடிபட்டவரை மறந்துவிடுகிறோமே, அது நம் இரண்டாவது பிழை. பிரிஸ்பேன் வெற்றிக்குப் பிறகு "இனி பெரியவர்கள் எதற்கு?" என்று நம் தேநீர்க்கடைகளிலும் பேச்சு எழுந்தது. அடுத்த மாதமே சென்னையில் இங்கிலாந்துக்கெதிராக அஸ்வின் சதமும் அடித்து விக்கெட்டுகளையும் வீழ்த்தினார், பேச்சு அடங்கிற்று.

வேதத்தில் இதற்கு ஒப்பான இடங்கள் உங்களுக்குத் தோன்றியிருக்கும். மோசே மறைந்தபின் இஸ்ரவேலர் மோவாபின் சமவெளியில் முப்பது நாள் துக்கம் கொண்டாடினர் என்று உபாகமத்தின் கடைசி அதிகாரம் கூறுகிறது. அந்த முப்பது நாட்களைக் குறைத்துக்கொள்ளும்படி யோசுவா கேட்டதாக எழுதப்படவில்லை. ஆனால் என் மனம் இவ்வாரம் முழுவதும் மத்தியாவிடமே நின்றது. யூதாஸின் இடத்துக்குச் சீட்டுப்போட்டுத் தெரிந்துகொள்ளப்பட்டவர். அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்துக்குப் பிறகு அவர் பெயர் வேதத்தில் எங்கும் வருவதில்லை. அரசரடி இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில், அந்தத் தெரிவே தவறு, பவுலுக்காகக் காத்திருந்திருக்க வேண்டும் என்று சிலர் வாதிடுவதைக் கேட்டு நானும் தலையாட்டியிருக்கிறேன். இன்று அவ்வளவு விரைவாகத் தலையாட்ட மாட்டேன். மத்தியாவின் பெயர் மறுபடி வரவில்லை என்பதால் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று எப்படி முடிவுசெய்வது? பன்னிருவரில் பலருடைய பெயரும் அதற்குப்பின் தனித்து வரவில்லையே.

இதைச் சொல்லும்போது நடராஜனை நினைக்கிறேன். தறித்தொழிலாளியின் மகன். தாயார் சாலையோரத்தில் கடை நடத்தியவர். தம்மை வளர்த்துவிட்ட ஊர்க்காரர் ஒருவரின் பெயரெழுத்துகளைச் சட்டையில் தாங்கி ஆடியவர். ஐ.பி.எல். நடந்த நாட்களில் பிறந்த மகளைப் பார்க்க ஊர் திரும்பாமல் நேராக ஆஸ்திரேலியா சென்றார்; ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் முதன்முதலாக இடம்பெற்ற முதல் இந்தியர் ஆனார். திரும்பிய நாளில் சின்னப்பம்பட்டி அவரைக் குதிரை பூட்டிய சாரட்டில் வைத்து ஊர்வலமாக அழைத்துச் சென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சில மாதங்களில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அந்தப் பிரிஸ்பேன் ஆட்டமே இதுவரை அவருடைய ஒரே டெஸ்ட். இரண்டாம் இன்னிங்ஸில் அவருக்கு விக்கெட் எதுவும் கிடைக்கவில்லை. இவரைத் தோற்றவர் என்பீர்களா? அந்த வெற்றியின் கணக்கில் அவர் வீழ்த்திய மூன்று விக்கெட்டுகளைக் கழித்துப் பாருங்கள்.

வாஷிங்டனின் பாதையும் நேர்க்கோடாய் இருக்கவில்லை. 2021 பிப்ரவரியில் சென்னையில் ஆட்டமிழக்காமல் 85. அடுத்த டெஸ்டில் இடமில்லை. மார்ச்சில் அகமதாபாத்தில் அவர் 96இல் நிற்க, மறுமுனையில் கடைசி மூவரும் அடுத்தடுத்து வீழ்ந்தனர், சதம் கைகூடவில்லை. ஜூலையில் இங்கிலாந்தில் விரலில் அடி. அடுத்த டெஸ்டுக்கு மூன்றரை ஆண்டுகள் காத்திருந்தார். 2024 அக்டோபரில் புணேயில் நியூசிலாந்துக்கெதிராக அழைக்கப்பட்டார். அன்று நியூசிலாந்தின் பத்து விக்கெட்டுகளையும் இரு தமிழர்களே பங்கிட்டுக்கொண்டனர்: அஸ்வினுக்கு மூன்று, வாஷிங்டனுக்கு ஏழு. அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவ்வாண்டு டிசம்பர் 18 அன்று அஸ்வின் 537 விக்கெட்டுகளோடு ஓய்வை அறிவித்தார். அறிவித்த இடம் பிரிஸ்பேன். முன்னர் முதுகுவலியோடு நின்று இளையவருக்குத் தொப்பி கொடுத்த அதே கப்பா. அடுத்த ஜூலையில் மான்செஸ்டரில் ஜடேஜாவோடு நின்று ஆட்டத்தைக் காத்த வாஷிங்டன் தம் முதல் டெஸ்ட் சதத்தை அடைந்தார். 2021இல் பெருவிரல் முறிந்து வெளியேறிய அதே ஜடேஜா.

என் ஊழியத்தின் தொடக்கமும் இப்படித்தான். உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமச் சபையில், பக்கவாதத்தால் படுத்துவிட்ட ஒரு முதிய போதகருக்குப் பதிலாக அனுப்பப்பட்டேன். ஓராண்டுவரை அவர் அவர்களுக்கு "ஐயா". நான் "புது ஐயா". என் பிரசங்கம் முடிந்ததும் ஒரு பாட்டி, "நல்லாத்தான் இருந்துச்சு, ஐயா இருந்தா அழுதிருப்போம்" என்றார். முதல் வாரத்தில் அந்த முதியவர் தம் கட்டிலருகே என்னை அழைத்து, இடது கையால் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைத் தள்ளினார். வீடு வாரியாக யாருக்கு என்ன நோய், எந்த இரு சகோதரர் பேசுவதில்லை, எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி என்று எல்லாம் அதில் எழுதியிருந்தது. எனக்குக் கிடைத்த தொப்பி அது. அதைப் பெற்றுக்கொண்டவன் இந்த ஆண்டு அந்தப் பிள்ளையை எப்படி அறிமுகம் செய்தேன் என்பதை எண்ணும்போது நாணுகிறேன்.

வெள்ளியன்று அவர்கள் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவள் அதிகம் பேசவில்லை. சனிக்கிழமைப் பயிற்சிக்கு வருவதாக மட்டும் சொன்னாள். வந்தாள். பாடகர் குழு கூடுமுன்னரே நம் சகோதரரும் கட்டுப்போட்ட கையைத் தூளியில் தொங்கவிட்டபடி வந்து சேர்ந்தார்; யாரும் அழைக்கவில்லை. அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, இடது கையால் பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிக்கொடுத்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, "மூணாம் சரணத்துல சபை எப்பவும் முந்தும் பாப்பா. நீ அவங்களோட ஓடாத, அங்கேயே நில்லு. அவங்க திரும்பி வந்துருவாங்க" என்றார்.

நாளை ஆராதனை வழக்கம்போல் காலை எட்டரை மணிக்கு. ஆர்கன் வாசிப்பவரின் பெயரை மட்டும் அறிவிப்பேன்.